மலைநாட்டு ஈரத்தில் கைக்கடிகாரம்: புது வடிவமைப்புகளைத் தெரிவதும் பேணுவதும்

கைக்கடிகாரத்தை எல்லோரும் முகம் பார்த்துத்தான் வாங்குகிறோம். மலையகத்தில் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. டிசம்பர் பிறந்தால் பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்வெளியில் உறைபனி. இங்கே கடிகாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே புகுந்த ஈரம்தான், இயந்திரக் கோளாறு அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே சில ஆயிரம் ரூபாய்ப் பிளாஸ்டிக் கடிகாரமானாலும் வீட்டு விலை சொல்லும் சுவிஸ் கடிகாரமானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: பின்மூடி, சாவி (நேரம் வைக்கத் திருகும் பக்கக் குமிழ்), வார். முகம் கடைசி.

பின்மூடியை வாசிப்பது

பின்மூடியில் 'வோட்டர் ரெசிஸ்ட்' என்று மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு அது தாங்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் அல்லது 3 பார் என்றாலும் ஏறக்குறைய அதே கதைதான். 30 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. தொழிற்சாலையில் அசையாத நிலையில் அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்பதே பொருள். மழையில் மலைக்குப் போகிறவர்களுக்கு 50 மீட்டர் குறைந்தபட்சம். பீலியில் குளிக்கும்போதும் கழற்றாதவர்களுக்கு 100 மீட்டர். சாதாரணக் கடிகாரங்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 22810, முக்குளிப்புக் கடிகாரங்களுக்கானது ஐஎஸ்ஓ 6425. இரண்டாவதன்படி செய்தவற்றின் முகத்தில் 'டைவர்ஸ்' என்ற சொல்லும் 200 மீட்டர் போன்ற எண்ணும் சேர்ந்து நிற்கும். வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிக்கும்போது எந்தக் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். சூட்டில் ரப்பர் வளையம் இளகும், சோப்பு நீர் வெறும் நீரைவிட எளிதாக இடுக்கில் நுழையும்.

அதே மூடியில் இன்னொரு வரியும் இருக்கும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் எழுதியிருந்தால் மூடி மட்டும்தான் துருப்பிடிக்காத உருக்கு. உடம்பு மட்டமான உலோகம், மேலே முலாம். வியர்வையும் உரத்தூளும் பட்டு ஒன்றிரண்டு வருடத்தில் வார் சேரும் மூலைகளில் முலாம் உரிந்து, கீழிருந்து மஞ்சளோ பச்சையோ தெரியத் தொடங்கும். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ '316எல்' (துருப்பிடிக்காத உருக்கில் ஒரு வகை) என்றோ இருப்பதைத் தேடுங்கள். கொஞ்சம் காசு கூடினாலும் இது வீண்போகாத செலவு.

அடுத்தது சாவி. தண்ணீர் புகும் முதல் வாசல் அதுதான். திருகி அடைக்கும் சாவி நல்லது, ஆனால் நேரம் வைத்த பிறகு திருகி அடைக்க மறந்தால் 200 மீட்டர்க் கடிகாரமும் தூறலில் நனையும். அடைக்கும்போது முதலில் இடப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்புங்கள். புரி 'டிக்' என்று உட்காருவது விரலுக்குத் தெரியும். அதன்பிறகு அழுத்தி வலப்பக்கம் திருகுங்கள். நேரே பலங்கொண்டு திருகினால் புரி அழியும். அழிந்த புரிக்குக் குழாயையும் சாவியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மணிக்கட்டை அளப்பது

முகத்தின் குறுக்களவை மட்டும் கேட்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது வார் பூட்டும் கொம்புகளின் நுனிக்கு நுனி நீளம். மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான அகலத்தை ஓர் அடிமட்டத்தால் அளந்து, கொம்பு நீளம் அதைவிடக் குறைந்தது 2 மி.மீ. குறைவாக இருக்கும்படி பாருங்கள். சுற்றளவு 14 முதல் 16 செ.மீ. உள்ள மெலிந்த கைக்கு 34 முதல் 38 மி.மீ. முகம் பொருந்தும். 17க்கு மேல் என்றால் 40 தாராளம்.

மலைநாட்டில் இன்னோர் அளவும் முக்கியம்: தடிப்பு. ஸ்வெட்டர் கைக்குள் போக 12 மி.மீ.க்கு உள்ளே இருக்க வேண்டும். 13ஐத் தாண்டினால் பின்னல் நூல் சாவியில் மாட்டி இழுபடும். அந்த விஷயத்தில் இந்தியாவின் டைட்டன் எட்ஜ் இன்னமும் தனி ரகம். 2002இல் வந்த அதன் தடிப்பு வெறும் 3.5 மி.மீ. மழைக்கு உதவாது, கல்யாண வீட்டுக்கு உதவும்.

கொழுந்து பறிக்கிறவர்களும் கவ்வாத்து வெட்டுகிறவர்களும் மணிக்கட்டை நாள் முழுதும் மேல்நோக்கி மடிக்கிறார்கள். சாவி 3 மணிப் பக்கம் இருந்தால் புறங்கையில் குத்தித் தழும்பாகும். 4 மணிப் பக்கம் சாவி உள்ளதைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் வலது கையில் கட்டுங்கள்.

அன்றாடத்துக்கு

காசியோ எஃப்-91டபிள்யூ புதிதல்ல, 1989இலிருந்து இருக்கிறது. ஆனால் மற்றவற்றை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. எடை 21 கிராம், பற்றரி ஏழு வருடம், மாதத்துக்கு 30 விநாடிக்குள் பிழை. விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் நேரம்) எழுப்ப மணியடிக்கும். குறை இரண்டு: விளக்கு மங்கல், தண்ணீர் தாங்கும் எண் கிடையாது. இதே சாதியில் மழைக்கு ஏற்றது ஏஇ-1200. 100 மீட்டர், பத்து வருடப் பற்றரி, முகத்தில் உலக வரைபடம்.

எஃப்-91டபிள்யூவுக்குப் போலிகள் ஏராளம். நிஜமா என்று பார்க்க வலப்பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். திரையில் காசியோ என்ற பெயர் எழுத்துகளாகத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் பேரம் பேசவே வேண்டாம். போலிகள் இதையும் நகலெடுக்கத் தொடங்கிவிட்டதால் அச்சுச் சுத்தம், பொத்தானின் இறுக்கம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

புது வடிவமைப்பு என்று பேச வேண்டியது ஜி-ஷாக் ஜிஏ-2100. முதல் ஜி-ஷாக் 1983இல் வந்தது. 2019இல் வந்த இந்த எண்கோண மாடல் அதை மெலிதாக்கியது: தடிப்பு 11.8 மி.மீ., எடை 51 கிராம், கார்பன் கலந்த உட்கூடு, 200 மீட்டர். ஸ்வெட்டருக்குள் போகும் ஜி-ஷாக் கிடைப்பது அரிது. வாங்கும்போது கறுப்பு முகத்தில் கறுப்பு முள் உள்ளதை மட்டும் தவிருங்கள். படத்தில் அழகு, ஆனால் பனிமூட்டமான காலை ஆறு மணிக்கு நேரம் தெரியாது. வெள்ளை முள்ளும் வெளிர் முகமும் உள்ளதை எடுங்கள். 2022இல் வந்த ஜிஏ-பி2100 வெளிச்சத்தில் தானே மின்னேற்றிக்கொள்ளும், போனோடு புளூடூத்தில் சேர்ந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

வெளிச்சத்தில் ஓடும் கடிகாரம் பனி மூடிய ஊருக்குச் சரிவருமா என்ற கேள்வி எப்போதும் வரும். சரிவரும், பழக்கத்தை மாற்றினால். இந்த வகைகளின் கையேட்டு அட்டவணைப்படி ஒரு நாள் ஓட்டத்துக்கு நேரடி வெயிலில் ஐந்து பத்து நிமிடம் போதும், குழல் விளக்கு வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் வேண்டும். மூடுபனிக் காலத்தில் ஸ்வெட்டர் கைக்குள் மறைந்தே கிடந்தால் ஏற்றம் குறைந்துகொண்டே போகும். வாரம் ஒருநாள் ஜன்னலோரம் அரைநாள் வையுங்கள். அடுப்பு மேலோ கார் கண்ணாடிக்குப் பின்னாலோ வேண்டாம். சிட்டிசன் ஈகோ-டிரைவ் வகையில் விநாடி முள் இரண்டிரண்டு விநாடியாகத் தாவினால் பழுது இல்லை, பசி.

ஒரு காரியத்துக்கு மட்டும் இங்கே காசு கொடுக்காதீர்கள்: வானொலி அலையில் நேரம் திருத்தும் 'மல்ட்டி பேண்ட் 6'. அந்த ஆறு நிலையங்களும் ஜப்பானிலும் சீனாவிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. எதன் அலையும் இலங்கைக்கு நம்பத்தக்கதாக வந்து சேராது. புளூடூத் உள்ளதே பயன்.

உலக நேரம் காட்டும் கடிகாரத்தில் கொழும்பு இல்லாவிட்டால் டெல்லியை வையுங்கள், இரண்டுக்கும் கிரீன்விச் கணக்கில் ஐந்தரை மணி. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நம் நாட்டு நேரம் வேறாக இருந்ததால், அக்காலத்துப் பழைய கடிகாரம் ஒன்றில் கொழும்பு என்றிருந்து அரை மணி கூடிக் காட்டினால் பயப்பட வேண்டாம். அதிலும் டெல்லிதான் மருந்து.

நடுத்தர விலையில்

சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் 2019இல் புது உருவம் எடுத்தது. 42.5 மி.மீ., 100 மீட்டர், சாவி 4 மணியில், உள்ளே 4ஆர்36 என்ற தானியங்கி (கை அசைவில் தானே ஏறும்) இயந்திரம், ஏற்றினால் 41 மணி நேரம் ஓடும். கம்பனி சொல்லும் பிழை வரம்பு நாளுக்கு 45 விநாடி கூடுவது முதல் 35 விநாடி குறைவது வரை. பற்றரியில் ஓடும் குவார்ட்ஸுக்குப் பழகியவர்கள் இதைப் பார்த்துக் கடைக்காரனோடு சண்டைக்குப் போவார்கள். தானியங்கி என்றால் இப்படித்தான். சிறிய கைக்கு அதே வரிசையில் 2024இல் வந்த 37.4 மி.மீ. மாடலைக் கேளுங்கள்.

சிட்டிசன் சுயோசா 2022இல் வந்தது. 40 மி.மீ., சபையர் கண்ணாடி, செயின் உடம்போடு ஒட்டிப் போகும் வடிவம், சாவி 4 மணியில். விலைக்கு இத்தனை கொடுக்கும் கடிகாரம் குறைவு. ஆனால் 50 மீட்டர்தான். அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போதும், அடைமழையில் மலையேறுகிறவருக்குச் சீக்கோவே நல்லது. கீறல் கணக்கில் மட்டும் வெற்றி சிட்டிசனுக்கு. சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் கண்ணாடி சபையரைவிட மென்மையானது, கருங்கல் சுவரில் உரசினால் கோடு விழும்.

டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் 1978ஆம் வருட வடிவத்தை 2021இல் திரும்பக் கொண்டுவந்தது. 100 மீட்டர். குவார்ட்ஸிலும், 80 மணி நேரம் ஓடும் பவர்மேட்டிக் 80 இயந்திரத்திலும் கிடைக்கும். வெள்ளி மாலை கழற்றி வைத்துத் திங்கள் காலை கட்டினாலும் ஓடிக்கொண்டிருக்கும், வேலை நாளில் மட்டும் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. சிக்கல் செயினில். அதன் முதல் கண்ணி கீழே மடியாமல் விறைத்து நிற்பதால் 40 மி.மீ. என்பது கையில் 42 போல உட்காரும். 16 செ.மீ. கைக்கு 35 மி.மீ. மாடலே சரி. சாதாரண வாரும் இதற்குப் பொருந்தாது, தனியாகச் செய்ததைத்தான் தேட வேண்டும்.

2022 மார்ச்சில் வந்த ஒமேகா-ஸ்வொட்ச் மூன்ஸ்வொட்ச் பற்றிச் சுருக்கமாக: நிறம் அழகு, எடை இறகு, உடம்பு பயோசெராமிக் எனும் பீங்கான் கலந்த பிளாஸ்டிக், உள்ளே பற்றரியில் ஓடும் நேரமானி, தண்ணீருக்கு 30 மீட்டர் மட்டும். ஒட்டுப்பட்டி வார் நனைந்தால் மழைக்காலத்தில் காயவே காயாது. வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தானியங்கிக்கு ஒரு கட்டாய விதி. இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் முள் நிற்கும்போது திகதியை விரைவாகத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் திகதி மாற்றும் பல்சக்கரம் கொளுவி நிற்கும், திருப்பினால் பல் உடையும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவாருங்கள், நேற்றைய திகதியை வையுங்கள், பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றி இன்றைக்கு வாருங்கள். திகதி மாறிய இடம் நள்ளிரவு என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஆடம்பரத்தில் புதிது

இங்கே வாங்கப் போகிறவர் சிலர்தான், ஆனாலும் நடுத்தரக் கடிகாரங்கள் நாலு வருடம் கழித்து நகலெடுப்பது இவற்றைத்தான். உடம்போடு இணைந்த செயின் என்ற மோகம் 1972இல் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ஓடெமார் பிகே ரோயல் ஓக்கில் தொடங்கியது. மேலே சொன்ன எண்கோண ஜி-ஷாக்கும் அந்த முகத்தின் பேரப்பிள்ளைதான்.

2025இல் ரோலெக்ஸ் வெளியிட்ட லேண்ட்-டுவெல்லர் 36, 40 மி.மீ. என்ற இரண்டு அளவுகளில், 9.7 மி.மீ. தடிப்பில், 100 மீட்டர் தாங்குதிறனோடு வந்தது. உள்ளே டைனாபல்ஸ் எனும் புது விடுவிப்பு அமைப்பு (ஸ்பிரிங்கின் விசையைச் சிறுகச் சிறுக விடும் பகுதி), மணிக்கு 36,000 அதிர்வு, 66 மணி நேர ஓட்டம். மலைநாட்டுக் கண்ணோடு பார்த்தால் இதன் பெருமை அதிர்வில் இல்லை, மெல்லிய உடம்பில் திருகு சாவியும் 100 மீட்டரும் இருப்பதில். பட்டேக் பிலிப் 2024 ஒக்டோபரில் கொண்டுவந்த கியூபிட்டஸ் நேர்மாறு. 45 மி.மீ. சதுரம், தண்ணீருக்கு 30 மீட்டர். அது நம்மூர் மணிக்கட்டுக்குத் தட்டு வைத்ததுபோல இருக்கும். அடுத்த வருடமே 40 மி.மீ.யில் சிறியதை விட்டார்கள்.

கிராண்ட் சீக்கோவின் 2025 ஸ்பிரிங் டிரைவ் யூ.எஃப்.ஏ. வருடத்துக்கு 20 விநாடி பிழைக்குள் ஓடுகிறது. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு, அதுவும் ஸ்பிரிங் இயக்கத்தில். 37 மி.மீ., டைட்டேனிய உடம்பு. டைட்டேனியம் உருக்கின் எடையில் பாதிக்குச் சற்றே மேல்தான், நுவரெலியாக் காலையில் கட்டும்போது சுரீர் என்று குளிரவும் செய்யாது.

இந்த வரிசையில் மலைநாட்டுக்கு மிகப் பொருத்தம் எது என்றால் டூடர் பிளாக் பே 54. 2023, 37 மி.மீ., 200 மீட்டர், 70 மணி நேரம். செயின் பூட்டிலேயே கருவியில்லாமல் 8 மி.மீ. வரை நீட்டிக் குறைக்கலாம். காலையில் நானுஓயாவில் குளிரில் சுருங்கிய கை, மத்தியானம் கொழும்புக் கோட்டையில் வியர்த்து வீங்கும். அன்றைக்குத்தான் அந்த 8 மி.மீ.யின் அருமை தெரியும். பாவித்தது வாங்குவதானால் உத்தரவாத அட்டையில் உள்ள தொடர் எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பழையதன் தண்ணீர் தாங்குதிறனை அழுத்தச் சோதனை செய்த பிறகே நம்புங்கள்.

கண்ணாடிக்குள் புகை படிவது ஏன்

மலையகத்தில் அதிகம் கேட்கும் புகார் இது. கடிகாரம் தண்ணீரில் விழவே இல்லை, ஆனாலும் உள்ளே ஆவி படிகிறது. பெரும்பாலும் காரணம் கொழும்பில் மாற்றிய பற்றரி. கொழும்புக் கடையில் 30 பாகை சூட்டில் 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் மூடியைத் திறந்து மூடினால், அந்தக் காற்று உள்ளே அடைபடுகிறது. அது 25 பாகைக்குக் கீழே போனதும் தண்ணீராகத் தொடங்கும். நுவரெலியா வந்து இரவு 10 பாகையில் மேசை மேல் வைத்தால் கண்ணாடியின் உட்புறம் படியாமல் என்ன செய்யும்? அதே மூடியை நுவரெலியாவில் 15 பாகையில் திறந்து மூடியிருந்தால், 80 சதவீத ஈரப்பதம் என்றாலும் 12 பாகைக்குக் கீழேதான் படியும். மலையில் கட்டும் கடிகாரத்தை மலையிலேயே திறப்பது நல்லது என்பது இதனால்தான். நாளும் பாருங்கள்: மழை விட்டு இரண்டு நாள் கழிந்த முற்பகல், பக்கத்தில் கேத்தல் கொதிக்காத அறை.

மறுபக்கம் ஒன்று உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே மூடியது கீழே இறங்கும்போது வெளிக் காற்று உள்ளே தள்ளும். ரப்பர் வளையம் நல்லதானால் ஒன்றும் ஆகாது, காய்ந்து வெடித்ததானால் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பற்றரி மாற்றும் ஒவ்வொரு முறையும் வளையத்தையும் பாருங்கள்.

ஈரம் உள்ளே இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கை பொறுக்கும் சூட்டில், 40 முதல் 45 பாகைக்குள், தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை இறுக மூடுங்கள். மூடி மேல் உலர்ந்த துணியை விரித்துக் கடிகாரத்தை முகம் மேலாக 15 நிமிடம் வையுங்கள். பிறகு கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். சொட்டு இருந்த இடத்தில் உட்புறம் மங்கலானால் ஈரம் இருக்கிறது. மங்கல் ஒரு நிமிடத்தில் மறைந்தால் அடைபட்ட ஈரக்காற்று, உலர்ந்த நாளில் திறந்து மூடினால் போதும். துளிகளாக நின்றால் தண்ணீரே புகுந்திருக்கிறது. அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுங்கள், இரண்டு நாள் தள்ளினால் முள் அச்சில் துரு ஏறும்.

போகும் வரைக்கும் சாவியை வெளியே இழுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அது மெதுவாகத்தான் உறிஞ்சும், மாவும் தூசும்தான் உள்ளே போகும். அடுப்படியில் சூடு காட்டவும் வேண்டாம். சூட்டில் ஆவி இயந்திரத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும், எண்ணெயும் ஓடிவிடும். புதுத் தேயிலை ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். டிரையரிலிருந்து வரும்போது அதில் ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். அதற்காகக் கடிகாரத்தைத் தேயிலை டின்னில் போட்டால் கெடுவது இரண்டும்தான்.

குளிரில் குவார்ட்ஸ் பிந்துவதும் இங்கே பழுது இல்லை. உள்ளே விநாடிக்கு 32,768 தடவை அதிரும் படிகம் 25 பாகையை ஒட்டித்தான் சரியாக ஓடும். 10 பாகையில் விட்டுவைத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 0.6 விநாடி பிந்தும். கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூட்டில் அது தெரியாது. அலுமாரியில் இரண்டு மாதம் கிடந்தது அரை நிமிடம் பிந்தினால் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

பற்றரி மாற்றும் முறை

அழுத்தி மூடும் பின்மூடியுள்ள சாதாரண குவார்ட்ஸை வீட்டில் மாற்றலாம். திருகு மூடி, 100 மீட்டருக்கு மேற்பட்டவை, விலை கூடியவை கடைக்கு.

மூடியின் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் ஓர் இடத்தில் சிறு பள்ளம் அகப்படும். மழுங்கிய மெல்லிய கத்தி நுனியை அங்கே வைத்து, நெம்பாமல் முறுக்குங்கள். மூடி தெறிக்கும், அதனால் கீழே வெள்ளைத் துணி விரித்திருக்க வேண்டும். ரப்பர் வளையம் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றரியை உலோக இடுக்கியால் தூக்காதீர்கள், இரு முனையும் தொட்டுக் குறுக்கோட்டமாகும். பிளாஸ்டிக் இடுக்கி அல்லது ஈர்க்குச்சி போதும். பக்கத்தில் செம்புக் கம்பி சுற்றிய சுருள் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதில் கத்தி பட்டால் கடிகாரத்தின் கதை முடிந்தது.

பழைய பற்றரியின் எண்ணைப் பார்த்தே புதியதை வாங்குங்கள். சிறிய முள் கடிகாரங்களில் அதிகம் இருப்பது எஸ்ஆர்626எஸ்டபிள்யூ, இன்னொரு பெயர் 377. கடையில் எல்ஆர்626 என்று அதே அளவில் மலிவாக ஒன்று தருவார்கள். எஸ்ஆர் வெள்ளி ஒக்சைட்டு, கடைசி வரை 1.55 வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே பிடிக்கும். எல்ஆர் ஆல்கலைன், மின்னழுத்தம் சரிந்துகொண்டே வரும், முடிந்த பின் கசியும். கசிந்த காரம் இயந்திரத்தைத் தின்னும். சில பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு இது தேவையில்லை. எஃப்-91டபிள்யூ மாதிரித் திரைக் கடிகாரமானால் புதியதைப் போட்ட பிறகு 'ஏசி' என்று குறித்த புள்ளியையும் பற்றரியின் மேல்பக்கத்தையும் இடுக்கியால் இரண்டு விநாடி தொடவைக்க வேண்டும், இந்த ஓரிடத்தில் மட்டும் உலோக இடுக்கி. செய்யாவிட்டால் திரை வெறுமையாகவோ கண்டபடியோ நிற்கும், புதுப் பற்றரியே செத்தது என்று நினைப்போம்.

வளையம் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். நல்லதானால் சிலிக்கோன் கிரீஸை விரலில் மெல்லப் பூசி உருட்டி எடுத்துப் பள்ளத்தில் இருத்துங்கள். வாசலின் வேண்டாம், ரப்பரை ஊதவைக்கும். மூடியில் சாவிக்கான வெட்டு இருந்தால் அதைச் சாவித் தண்டின் நேரே வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்துங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருந்தால்தான் மூடியதாகக் கணக்கு.

செயின் குறைப்பது

கண்ணிகளின் உட்புறம் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கமாகப் பின்னைத் தள்ளி வெளியே எடுங்கள், திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தட்டுங்கள். பிளவுள்ள முனை கடைசியாக உள்ளே போக வேண்டும். பூட்டின் இரு பக்கமும் சமமாகக் கழற்றுங்கள். ஒற்றைப்படையானால் கூடுதலானதை 6 மணிப் பக்கம் எடுத்தால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்கும். சீக்கோவின் சில செயின்களில் பின்னோடு ஒரு சிறு குழாய்த் துண்டும் விழும், அது இல்லாமல் பின் நிற்காது. தேயிலைக் கொழுந்துக்குள் விழுந்த குண்டூசி மாதிரித்தான் அதைத் தேடுவது, ஆகவே தட்டில் வைத்து வேலை செய்யுங்கள். கட்டிய பிறகு சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு வேண்டாம்.

தேயிலை ஸ்டோரும் காந்தமும்

ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) சலிக்கும் பகுதியில் இரும்புத்தூளைப் பிடிக்கக் காந்தங்கள் வைத்திருப்பார்கள். தானியங்கிக் கடிகாரத்தை அவற்றருகே கொண்டுபோனால் மயிரிழைச் சுருள் (ஓட்டத்தை ஒழுங்காக்கும் மெல்லிய ஸ்பிரிங்) காந்தமேறி, சுருளும் சுருளும் ஒட்டி, திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கும். போன் உறையின் காந்தப் பூட்டும் ஒலிபெருக்கியும் இதையே செய்யும். சோதிக்க: திசைகாட்டி ஒன்றின் பக்கத்தில் கடிகாரத்தை மெல்ல நகர்த்துங்கள், முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. திருத்துபவரிடம் காந்தம் நீக்கும் சிறு பெட்டி இருக்கும். பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தைக் கை நீளம் மெல்ல விலக்கி, அதன்பிறகே பொத்தானை விட வேண்டும். முன்பே விட்டால் இன்னும் கூடுதலாக ஏறும். அரை நிமிட வேலை, இதற்கு முழு சர்வீஸ் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாரும் அலுமாரியும்

தோல் வார் நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் அலுமாரிக்குள் ஒரு மழைக்காலம் கிடந்தால் பூஞ்சணம் பூக்கும். வேலைக்கு நைலோன் அல்லது சிலிக்கோன் வார் போடுங்கள், தோலைக் காய்ந்த நாளுக்கு வையுங்கள். பூத்துவிட்டால் வெயிலில் துடைத்து, வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். வாரைத் தாங்கும் ஸ்பிரிங் பின்னை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கடிகாரம் தொலைவது பெரும்பாலும் அந்தச் சிறு பின் துருப்பிடித்து முறிவதால்தான், அதுவும் கொழுந்துக் கூடைக்குள் விழுந்தால் போனதுதான்.

உரம் போட்ட நாளிலும் மருந்தடித்த நாளிலும் கழற்றி வைப்பதே மேல். கட்டியே ஆக வேண்டுமானால் 100 மீட்டர் உருக்கு அல்லது ரெசின், மாலையில் வெறுந்தண்ணீரில் அலசல். அட்டைக்குப் பூசும் பூச்சிவிரட்டித் தைலங்களில் டீட் என்ற இரசாயனம் இருந்தால் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப் பிசுபிசுக்கும். தைலத்தைப் பூசிக் கை கழுவிய பிறகே கடிகாரத்தைத் தொடுங்கள். கொழுந்துக் கறை செயின் இடுக்கில் கறுப்பாக ஏறினால் பழைய பல் துலக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு துளி சோப்பு. அதற்கு முன் சாவி அடைத்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.